படகுக்குப் பெயர் கேட்ட கதவு

பல்லக்கா பல் மருத்துவர் இல்லை. பல் மருத்துவர்கள் வாயைத் திறக்கச் சொல்லி அச்சு எடுத்து ஒரு பையில் போட்டு அனுப்புவார்களே, அந்தப் பை வந்து சேரும் இடத்தில் வேலை செய்கிறவள். மூன்றாவது மாடியில் ஒரு நீளமான அறை. ஒரு மூலையில் பிளாஸ்டர் கலக்கும் மேசை, எதிர்ச் சுவர் ஓரமாக இரண்டு சின்னச் சூளைகள், நடுவில் நான்கு பேர் வரிசையாக உட்கார்ந்து மெழுகில் பல் செதுக்குகிறார்கள். ஜன்னலோர இருக்கை பல்லக்காவுடையது. பல்லின் நிறத்தைப் பகல் வெளிச்சத்தில்தான் பார்க்க வேண்டும், நிறம் பார்ப்பதில் அவளை மிஞ்ச அங்கே ஆள் கிடையாது. நாம் வெள்ளை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவதை அவள் பதினாறாகப் பிரித்து வைத்திருக்கிறாள்.

வேலை செய்யும் இடத்தில் யாரோ வைத்த பெயர்தான் பல்லக்கா. அது வீடு வரை வந்து ஒட்டிக்கொண்டது. அவள் செய்த பல்லை வைத்துக்கொண்டு எத்தனையோ பேர் சிரிக்கிறார்கள், மெல்லுகிறார்கள், சண்டை போடுகிறார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவளுக்குத் தெரியாது. பஸ்ஸில் யாராவது சிரித்தால் அவள் முகத்தைப் பார்க்க மாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். இதனால் ஒன்றிரண்டு முறை தர்மசங்கடமும் நேர்ந்திருக்கிறது.

தெரிந்தவர்களில் அவள் பல் செய்தது ஒரே ஒருவருக்குத்தான். அது வினையாகப் போனது.

அவளுடைய கணவன் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். அவனுக்கு ஒரு தங்கை. சரக்குக் கம்பெனி ஒன்றில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறாள். அந்த நாத்தனார் ஒரு மழைநாளில் படியில் வழுக்கி விழுந்து மேல்வரிசை முன்பல்லை உடைத்துக்கொண்டாள். செய்ய வேண்டிய பல் பல்லக்காவின் மேசைக்கே வந்தது. அவள் நாத்தனாரை ஜன்னல் பக்கம் உட்காரவைத்து, நிறம் பார்க்கும் அட்டையை உதட்டோரம் பிடித்துப் பார்த்து, கொஞ்சம் மஞ்சள் கலந்த வெள்ளை ஒன்றைக் காட்டினாள். நாத்தனாருக்குப் பிடிக்கவில்லை. இருப்பதிலேயே வெளுப்பானதுதான் வேண்டும் என்றாள். பக்கத்துப் பல்லோடு சேராது என்று பல்லக்கா ஒரு முறை சொன்னாள், இரண்டாம் முறையும் சொன்னாள், பிறகு கேட்டதைச் செய்து கொடுத்தாள்.

அடுத்த மாதம் குடும்பமே கூடியிருந்த ஒரு மதியச் சாப்பாட்டில், ஒரு பல் மட்டும் தனியாக நிற்கிறதே என்று பெரியம்மா ஒருத்தி கேட்டாள். நாத்தனார் சோற்றைப் பிசைந்தபடியே, "அண்ணி செஞ்ச பல்லு. சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வச்சு விட்டுட்டாங்க" என்றாள்.

பல்லக்கா எழுந்து போய்க் கை கழுவினாள். அன்றைக்கு நின்ற பேச்சு ஏழு வருஷம் நின்றது. நாத்தனார் ஏதாவது கேட்க வேண்டுமென்றால் அண்ணனிடம், "உன் பொண்டாட்டிகிட்ட கேளு" என்பாள். பல்லக்கா, "உங்க தங்கச்சிகிட்ட சொல்லுங்க" என்பாள். இரண்டு பேருக்கும் நடுவில் அவன் ஏறி இறங்கிக்கொண்டிருந்தான். தான் பார்க்கிற லிஃப்டுக்காவது மாதம் ஒரு முறை எண்ணெய் போடுகிறார்கள் என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்வான்.

இனி ஒரு விளையாட்டின் கதைக்கு வருவோம்.

பல்லக்காவுக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது தொலைக்காட்சியில் தினமும் மாலை ஆறு மணிக்கு ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் தொடர் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. வானத்தில் மிதக்கும் தபால் படகு ஒன்று. அதை ஓட்டுகிற ஒரு பெண், சமைக்கிற ஒரு குண்டன், வாய் ஓயாத ஒரு கிளி. மேகங்களுக்கு நடுவே தீவு தீவாகப் போய்க் கடிதம் கொடுப்பார்கள். வழியில் ஒரு விளக்குக் கோபுரம் இருக்கும். அதில் காலை இழுத்து இழுத்து நடக்கிற ஒரு விளக்குக்காரர். யாருக்கும் சிரிப்பு வராத கடி ஜோக் சொல்லிவிட்டுத் தானே விழுந்து விழுந்து சிரிப்பார். ஆறு மணிக்குத் தெருவில் ஒரு குழந்தை இருக்காது. பள்ளிக்கூடப் பை, பென்சில் டப்பா, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் அந்தப் படகுதான்.

அவளுடைய சித்தப்பா கப்பலில் எஞ்சின் பார்க்கிற வேலையில் இருந்தார். ஜப்பான் துறைமுகம் ஒன்றுக்குப் போனபோது, அண்ணன் மகள் கேட்டாளே என்று கையில் வைத்து விளையாடும் கருவி ஒன்றையும், அதில் செருகும் அட்டை ஒன்றையும் வாங்கி வந்தார். அவள் கேட்டது சண்டை விளையாட்டு. அந்தத் தொடரை வைத்து வந்த விளையாட்டுகளில் அதுதான் எல்லாருக்கும் தெரிந்தது. சித்தப்பா, டப்பாவின்மேல் போட்டிருந்த படகுப் படத்தைப் பார்த்து ஏதோ ஒன்றை எடுத்து வந்துவிட்டார். போட்டுப் பார்த்தால் சண்டையும் இல்லை, குத்தும் இல்லை. படகுக்காரப் பெண்ணாக நாமே ஊர் ஊராக நடக்க வேண்டும், எதிர்ப்படுகிறவர்களிடம் பேச வேண்டும், எப்போதாவது புயலோடு மோத வேண்டும். பேச்சு முழுக்க ஜப்பானிய மொழி. திரை தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, நிறமோ பாசி பிடித்த சுவரின் நிறம்.

அவள் இரண்டு நாள் மூக்கால் அழுதாள். மூன்றாம் நாள் விளையாட ஆரம்பித்தாள்.

மொழி தெரியாமல் ஒரு கதைக்குள் நடப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் உப்பைத் தேடுவது போல. யாரிடம் பேசினால் எந்தக் கதவு திறக்கும் என்று ஒவ்வொன்றாக முட்டி மோதிக் கண்டுபிடித்தாள். அப்படியே நாலு தீவு தாண்டினாள். ஐந்தாவதில் விளக்குக் கோபுரம் வந்தது. கோபுரத்தின் கதவு மூடியிருந்தது. தட்டினால் ஒரு வரி எழுத்து வரும், கீழே காலியாக நான்கு கட்டம். எதையாவது எழுதினால் ஒரு மணிச் சத்தம், படகு தானாகத் திரும்பித் துறைமுகத்துக்கு வந்துவிடும். ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டு இருநூறுக்கு மேல் போட்டுப் பார்த்தாள். கதவு அசையவில்லை.

அந்த வாரமே தொலைக்காட்சித் தொடரில் விளக்குக்காரர் இறந்துபோனார். படகு வழிதவறக் கூடாது என்று புயலில் விளக்கை அணைய விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார், கோபுரம் சரிந்துவிட்டது. ஊரில் பாதிக் குழந்தைகள் அன்று சாப்பிடவில்லை. பல்லக்கா சாப்பிடாதது மட்டுமில்லை, யாரிடமும் சொல்லாமல் ஒன்றை மனதில் போட்டு வைத்துக்கொண்டாள். தான் அந்தக் கதவைத் திறந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நினைத்தாள். பன்னிரண்டு வயதில் அப்படித்தான் தோன்றும். அதற்குப் பிறகு கருவியை அவள் தொடவில்லை.

மெழுகு செதுக்கிச் செதுக்கி நாற்பது வயதில் அவளுடைய வலது மணிக்கட்டு மரத்துப்போக ஆரம்பித்தது. மருத்துவர் சின்னதாக ஓர் அறுவை சிகிச்சை செய்து, ஆறு வாரம் கத்தியைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வீட்டில் சும்மா உட்காருவது அவளுக்கு ஆகாத காரியம். இரண்டாவது வாரத்திலேயே கணவன் வரும்போதெல்லாம் எரிந்து விழுந்தாள். அவன் அவளுடைய அம்மா வீட்டுப் பரணில் கிடந்த ஒரு பெட்டியைக் கொண்டு வந்து மேசையில் வைத்தான். பழைய சாமான்களை இடது கையால் பிரித்து அடுக்கினால் பொழுது போகும் என்று அவனுடைய கணக்கு. அதற்குள் அந்தக் கருவி இருந்தது.

புது பேட்டரி போட்டதும் திரை ஒளிர்ந்தது. பழைய விளையாட்டு எதுவும் அதில் பதிவாகி இருக்கவில்லை. அட்டைக்குள் இருந்த சின்ன பேட்டரி எப்போதோ உயிரை விட்டிருந்தது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். அப்போதுதான் அவள், இந்த முறை என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டே நடப்போமே என்று நினைத்தாள்.

இணையத்தில் தேடிப் பார்த்தாள். சண்டை விளையாட்டைப் பற்றி மலைபோல் குவிந்து கிடந்தது. இதைப் பற்றி ஒன்றுமே இல்லை. அந்தக் கருவியின் காலம் முடிந்து அடுத்த கருவி கடைக்கு வந்த மாதத்தில் இது வெளியாகியிருக்கிறது. யாரும் சீந்தவில்லை, எந்த மொழிக்கும் போகவில்லை. ஓரிடத்தில் மட்டும் யாரோ ஒரு மகானுபாவர், "சுமார். நேரம் இருந்தால் பார்க்கலாம்" என்று எழுதி ஐந்துக்கு இரண்டு மதிப்பெண் போட்டிருந்தார். பல்லக்காவுக்குச் சுருக்கென்றது. அந்தக் கோபம்தான் அவளை உட்கார வைத்தது.

குழந்தைகளுக்கான விளையாட்டு என்பதால் எழுத்துகள் எல்லாம் அந்த மொழியின் எளிய எழுத்துகளாகவே இருந்தன. பத்து நாளில் எழுத்து பிடிபட்டது. அர்த்தம்தான் பிடிபடவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள். கிளி ஒவ்வொரு தீவிலும் "நாளைக்குத் தவளை" என்று கத்திக்கொண்டே வந்தது. இந்தக் கிளிக்குத் தவளைமேல் என்ன அவ்வளவு ஆசை என்று இரண்டு வாரம் குழம்பினாள். திரும்பிப் போவதற்கும் தவளைக்கும் அந்த மொழியில் ஒரே உச்சரிப்பு என்று பிறகுதான் தெரிந்தது. "நாளைக்குத் திரும்பிடலாம்" என்றுதான் பாவம் அது சொல்லிக்கொண்டிருந்தது. நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் ஜப்பானிய மொழி வகுப்பு நடப்பது தெரியவந்ததும் போய்ச் சேர்ந்தாள். கை சரியாகி வேலைக்குத் திரும்பிய பிறகும் வகுப்பை விடவில்லை.

எட்டு மாதத்துக்குப் பிறகு அவளுடைய படகு மறுபடி ஐந்தாவது தீவுக்கு வந்தது. கதவைத் தட்டினாள். அதே ஒரு வரி. இந்த முறை படிக்க முடிந்தது.

"உன் படகின் பெயர் என்ன?"

அவ்வளவுதான். புதிரும் இல்லை, மந்திரமும் இல்லை. விளையாட்டைத் தொடங்கும்போது படகுக்குப் பெயர் வைக்கச் சொல்வார்கள், அதே பெயரை இங்கே சொல்ல வேண்டும். தெரிந்த படகுக்குத்தான் விளக்குக்காரர் கதவு திறப்பார். பன்னிரண்டு வயதில் அந்த ஆரம்பக் கேள்வி என்னவென்று புரியாமல், அவசரத்தில் முதல் எழுத்தையே நான்கு தடவை அழுத்திவிட்டு உள்ளே போனது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. இருநூறு பெயர் போட்டுப் பார்த்தவள் அதை மட்டும் போட்டுப் பார்க்கவில்லை.

அவள் கொஞ்ச நேரம் சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்தத் தடவை வைத்த பெயரை எழுதினாள். ஒரே எழுத்துதான். அந்த மொழியில் பல்லுக்கு ஒரே எழுத்து.

கதவு திறந்தது. படகுக்காரப் பெண் படியேறினாள். புயல் வருவதற்கு முன்பே விளக்குக்காரரைக் கைத்தாங்கலாகக் கீழே கூட்டி வந்தாள். கோபுரம் காலியாக நின்று சரிந்தது. தொடர் பாதி வந்துகொண்டிருந்தபோதே இந்த விளையாட்டை உருவாக்கியிருக்கிறார்கள். அவர் இறக்கப் போகிறார் என்பது இதை எழுதியவர்களுக்கு அப்போது தெரிந்திருக்காது என்பது பல்லக்காவின் ஊகம். எப்படியோ, இங்கே அவர் பிழைத்துக்கொண்டார். பிழைத்தது மட்டுமில்லை, துறைமுகத்தில் ஒரு டீக்கடை வைத்தார். ஒவ்வொரு தீவு முடிந்ததும் திரும்பிப் போய்ப் பார்த்தால் ஒரு புது ஜோக் சொன்னார். எல்லாமே படுமோசம்.

இதை அவள் இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொன்னாள். அவனுக்குத் தொடரில் அவ்வளவு பிடிப்பு கிடையாது. ஆனால் மறுநாள் தங்கை வீட்டுக்குப் போனபோது பேச்சோடு பேச்சாக, விளக்குக்காரர் சாகவில்லையாம், டீக்கடை வைத்திருக்கிறாராம் என்று சொல்லிவைத்தான். நாத்தனார் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையையே மறுபடி உதறி மடித்தாள். "எந்த விளக்குக்காரர்னு உன் பொண்டாட்டிகிட்ட கேளு" என்றாள். அவன் இந்த முறை ஏறி இறங்க மறுத்துவிட்டான். வேண்டுமென்றால் நீயே வந்து கேள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டது. பல்லக்கா திறந்தாள். நாத்தனார் மடிக்கணினிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றாள்.

"அண்ணி," என்றாள் நாத்தனார், "அந்த விளக்குக்காரர்கிட்ட என்னைக் கூட்டிட்டுப் போங்க."

ஏழு வருஷத்தில் அந்த "அண்ணி" அதுதான் முதல். பல்லக்கா வழிவிட்டு நின்று, "உள்ள வாம்மா. டீ போடறேன்" என்றாள்.

விளக்குக்காரர் இறந்த காட்சி வந்த மறுநாள் நாத்தனார் பள்ளிக்கூடம் போகவில்லையாம், வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்டாளாம். அப்போது அவளுக்குப் பத்து வயது. இதை அவள் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு, திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னாள். பல்லக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். மதியச் சாப்பாடு மூன்று மணிக்குத்தான் ஆனது. கணவன்தான் சமைத்தான், அதுவரை வாயே திறக்கவில்லை. எங்கே ஒரு வார்த்தை பேசி இந்த லிஃப்ட் நடுவில் நின்றுவிடுமோ என்ற பயம் அவனுக்கு.

கிளம்பும்போது நாத்தனார், எத்தனை பேருக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்ல முடியும், அட்டையில் இருப்பதைக் கணினியில் எடுத்து, அந்த எழுத்துகளைத் தூக்கிவிட்டுத் தமிழ் எழுத்துகளை வைத்தால் என்ன என்று கேட்டாள். செய்ய முடியுமா என்றாள் பல்லக்கா. பார்க்கலாம் என்றாள் நாத்தனார்.

அந்தப் பார்க்கலாம் மூன்று வருஷம் இழுத்தது.

முதல் தலைவலி எழுத்து. ஓர் எழுத்துக்கு அகலத்தில் எட்டுப் புள்ளிதான் இடம். மேலே ஒரு வரி காலியாக விட்டிருந்ததால் உயரத்துக்குப் பதினாறு புள்ளி கிடைத்தது. அதற்குள் தமிழை அடைக்க வேண்டும். "ட", "ப" எல்லாம் சொன்னபடி கேட்டன. "ஞ" மூன்று நாள் சண்டை போட்டது. "ண" மூன்று சுழியோடு உள்ளே வரமாட்டேன் என்றது, ஒரு சுழியைக் குறைத்தால் "ன" ஆகிவிடும். பல்லக்கா கட்டம் போட்ட தாளில் புள்ளி புள்ளியாக வைத்து, எடுத்து, மறுபடி வைத்துப் பார்த்தாள். கடைவாய்ப் பல்லின் மேற்புறத்தில் உள்ள பள்ளங்களைச் செதுக்கிப் பழகிய கைக்கு அது பிடித்துப்போயிற்று. மூன்று சுழி வேண்டாம், மூன்று சுழி இருப்பதாகக் கண்ணுக்குத் தோன்றினால் போதும் என்று கண்டுபிடித்தபோது நாத்தனாருக்கு அலுவலகத்துக்கே போன் போட்டுச் சொன்னாள்.

இரண்டாவது தலைவலி பேச்சு. நாத்தனாருக்கு எல்லாரும் எழுத்துத் தமிழில் பேச வேண்டும். எழுத்தில் வருவது நாளைக்கு யார் கையில் போகுமோ என்று அவளுக்குக் கவலை. பல்லக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"புயல் அடிக்கும்போது எந்தக் குண்டனாவது 'பாய்மரத்தை இறக்குங்கள்'னு சொல்லுவானா? 'இறக்கு இறக்கு'ம்பான்."

"கோபுரத்துக் கல்லுல எழுதியிருக்கறதும் அப்படித்தானா அண்ணி?"

"கல்லு எழுத்துத் தமிழ்ல பேசட்டும். மனுஷங்க மனுஷங்களா பேசட்டும்."

அப்படியே முடிவானது. அதில் ஒரு லாபமும் இருந்தது. "கொண்டுபோகிறோம்" என்பது பெட்டியை நிறைத்துவிடும், "கொண்டுபோறோம்" என்றால் ஒரு கட்டம் மிச்சம். படகுக்காரப் பெண் விளக்குக்காரரை எப்படிக் கூப்பிடுவது என்பதில் ஒரு மாதம் போயிற்று. மூலத்தில் மரியாதையும் செல்லமும் கலந்த ஒரு சொல். தாத்தா என்றால் கிழவராகிவிடுகிறார், ஐயா என்றால் விலகிப் போகிறார், மாமா என்று நாத்தனார் சொன்னபோது இருவருமே சிரித்துவிட்டார்கள். கடைசியில் "பெரியப்பா" என்று வைத்தார்கள். வைத்தவுடனே அவர் பேசிய ஒவ்வொரு வரியும் தானாகவே சரியாக உட்கார்ந்தது. கடி ஜோக்குகளை மட்டும் அப்படியே கொண்டுவர வழியில்லை. சொல் விளையாட்டு அந்த மொழியோடு போய்விட்டது. அவற்றை எடுத்துவிட்டு, அதே அளவுக்கு மோசமான தமிழ் ஜோக்குகளைப் போட வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் கணவனைக் கூப்பிட்டார்கள். அதில் அவனுக்குப் பிறவித் திறமை இருந்தது.

சோதனை பார்த்ததும் அவன்தான். லிஃப்டைச் சோதிப்பது போலவே சோதித்தான். ஒவ்வொரு கதவையும் உள்ளேயிருந்து ஒரு முறை, வெளியேயிருந்து ஒரு முறை திறந்தான். யாரும் போகாத மூலைக்கெல்லாம் போய் முட்டினான். மூன்றாவது தீவில் சமையல்காரக் குண்டனிடம் இரண்டு முறை தொடர்ந்து பேசினால் எழுத்தெல்லாம் கொத்துக்கறியாகிவிடுவதை அவன்தான் கண்டுபிடித்தான். ஒரு சின்னத் தாளில் முப்பத்தோரு பிழைகளை வரிசையாக எழுதித் தங்கையிடம் கொடுத்தான். அவள் அதைப் பார்த்துவிட்டு, தன் அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள்கூட இப்படிப் பார்ப்பதில்லை என்றாள்.

இரண்டாவது வருஷ நடுவில் ஒரு ஞாயிறு, நாத்தனார் கொய்யாக்காயைக் கடித்தாள். அந்தப் பழைய முன்பல் கையோடு வந்துவிட்டது. இருவரும் அந்தப் பல்லைப் பார்த்தார்கள். பிறகு நாத்தனார் அதைப் பல்லக்காவின் உள்ளங்கையில் வைத்தாள்.

"நான்தான் வெள்ளையா வேணும்னு கேட்டேன் அண்ணி. நீங்க ரெண்டு தடவ சொன்னீங்க. அத்தனை பேர் முன்னாடி மாத்திச் சொன்னேன்."

"நானும் ஏழு வருஷம் இழுத்திருக்க வேண்டாம்" என்றாள் பல்லக்கா. "திங்கட்கிழமை டாக்டர்கிட்ட அச்சு கொடுத்துட்டு நேரா எங்க இடத்துக்கு வா. பகல்ல வா."

புதிய பல்லில், ஓரத்தில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மெல்லிய கோடு வைத்தாள் அவள். பக்கத்துப் பல்லில் அப்படி ஒன்று இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு நாத்தனார் வந்தபோது, எது தான் செய்த பல் என்று பல்லக்காவே ஒரு கணம் தேடினாள். அவளுடைய தொழிலில் அதற்கு மேல் ஒரு சந்தோஷம் கிடையாது.

மூன்றாம் வருஷக் கடைசியில் வேலை முடிந்தது. விளையாட்டை அவர்கள் கொடுக்கவில்லை, அது அவர்களுடையது இல்லை. தமிழ் வரிகளும், அவற்றைப் பொருத்துவதற்கான சின்ன புரோகிராமும் மட்டும். யாரிடமாவது அந்த அட்டை இருந்தால், அல்லது பழைய சாமான் விற்கும் தளங்களில் தேடி வாங்கினால், போட்டுக்கொள்ளலாம். பழைய விளையாட்டுகள்மேல் பைத்தியமாக இருப்பவர்கள் கூடும் தளம் ஒன்றில் ஒரு சனிக்கிழமை மத்தியானம் போட்டுவிட்டு, இருவரும் நல்ல பிள்ளைகளாக எழுந்து போய்த் துணி காயப்போட்டார்கள்.

முதல் வாரத்தில் பதினொரு பேர் எடுத்தார்கள். முதல் கடிதம் பத்தாம் நாள் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற மெய்ப்புத் திருத்துநர். பேரப்பிள்ளைகள் ஊருக்குப் போய்விட்டதால் பொழுது போகாமல் விளையாடினாராம். பாராட்டு ஒரு வரி. அதன் கீழே, ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகாததும் மிகக்கூடாத இடத்தில் மிகுந்ததுமாக இருநூற்றுப் பன்னிரண்டு பிழைகள், தீவு வாரியாக. நாத்தனாருக்கு முகம் சிவந்துவிட்டது. ஒரு "க்" சேர்த்தால் ஒரு கட்டம் கூடும், கட்டம் கூடினால் வரி உடையும், வரி உடைந்தால் பெட்டி நிரம்பி வழியும் என்று அவள் புலம்பினாள். பல்லக்கா அந்தப் பட்டியலை மூன்று முறை படித்தாள். ஒருவர் கடைசி வரை போய், ஒவ்வொரு கல்லையும் ஒவ்வொரு கடையையும் நின்று படித்திருக்கிறார். அவளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. நான்கு மாதம் உட்கார்ந்து இருநூறைச் சரிசெய்தார்கள். மீதிப் பன்னிரண்டுக்கு இடமே இல்லை. பெரியவருக்கு அதை விளக்கி எழுதினார்கள். புயல் நேரத்தில் பேசியவை என்பதால் மன்னிக்கலாம் என்று அவர் பெருந்தன்மையோடு பதில் போட்டார்.

அதற்குப் பிறகு மெதுவாகச் செய்தி பரவியது. விளக்குக்காரர் பிழைத்திருக்கும் இடம் ஒன்று இருக்கிறது என்பதுதான் செய்தி. எங்கெங்கோ இருந்து எழுதினார்கள். ஒரு செவிலிப் பெண், வேலைக்குப் போகும் வழியில் தினமும் ரயிலில் அவருடைய டீக்கடைக்கு ஒரு நடை போய்விட்டு வருவதாக எழுதினாள். ஒரு லாரி ஓட்டுநர், தன் மகளைத் தொடரின் அந்தக் காட்சியைப் பார்க்க விடாமல் வைத்திருந்ததாகவும், இப்போது பார்க்க விட்டுவிட்டு உடனே இந்த விளையாட்டைக் கையில் கொடுத்துவிட்டதாகவும் எழுதினார். ஐந்துக்கு இரண்டு போட்டிருந்த பக்கத்தில் பல்லக்கா ஒரு நாள் போய்ப் பார்த்தாள். அந்த இரண்டு அப்படியே இருந்தது. அதன் கீழே தமிழில் முப்பது நாற்பது பேர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் ஒன்றும் எழுதவில்லை, முழுவதையும் படித்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வருகை மட்டும் வேலை முடிந்த பிறகும் நிற்கவில்லை. இப்போது நாத்தனார் வேறொரு விளையாட்டைக் கொண்டு வந்திருக்கிறாள், அதுவும் யாரும் சீந்தாததுதான். அதில் சமையல் குறிப்புகள் மட்டுமே நானூறு. இடது மணிக்கட்டையும் ஒரு முறை மருத்துவரிடம் காட்டிவிட்டுச் சொல்வதாகப் பல்லக்கா சொல்லியிருக்கிறாள். ஆனாலும் முதல் பத்துக் குறிப்புகளை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

வேலை செய்யும் இடத்தில் அவளுடைய முதலாளி, அறுபதை நெருங்குகிற மனுஷன், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பிளாஸ்டர் மேசை ஓரமாக உட்கார்ந்து அந்தப் படகு விளையாட்டை ஆட ஆரம்பித்திருக்கிறார். இரண்டாவது தீவில் படகு கட்டும் கயிறு எங்கே இருக்கிறது என்று மூன்று நாளாகத் தேடுகிறார். நேற்று ஜன்னல் பக்கம் வந்து நின்று, நாசூக்காகக் கேட்டும் பார்த்தார். பல்லக்கா கையில் பிடித்திருந்த பல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே, "எல்லார்கிட்டயும் பேசினீங்களா சார்?" என்று மட்டும் கேட்டாள்.

எல்லாரிடமும் பேசவில்லை என்று அவர் ஒப்புக்கொண்டார்.